தண்ணிக்குள்ளே ஒரு காது
(பரிசலில் மீன் பிடிப்போருக்கு மீன் காட்டும் கருவி: வாங்குவதும் பயன்படுத்துவதும்)

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். "கவிதை எல்லாம் நிறைய வந்துடுச்சு, நீ ஏதாவது டெக்னிக்கலா எழுது" என்று பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, மூன்று வருடமாக நம் டிபார்ட்மென்டில் படித்தது. இன்னொன்று, மேட்டூர் அணைத் தண்ணீர். அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் நான் செய்த முட்டாள்தனமும் உண்டு. அதை மறைத்தால் கட்டுரை பாதிதான் பயன்படும்.

எங்கள் ஊர் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில், பண்ணவாடி பக்கம். எதிர்க்கரையில் நாகமரை. தாத்தா பரிசல், அப்பா பரிசல். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா சாயங்காலம் வலையைக் கட்டிவிட்டு வருவார், விடியற்காலை போய்த் தூக்குவார். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி, எப்போதாவது ஒரு வாளை. சில நாள் கிலோ கணக்கில் விழும். சில நாள் வலையே முழுசாகத் திரும்பாது.

வலை திரும்பாததற்குக் காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. 1934ல் அணை கட்டி முடித்தபோது பல ஊர்கள் மூழ்கிப் போயின. நீர்மட்டம் ரொம்பவும் குறைகிற வருடங்களில் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். மூழ்கிய மாதா கோயிலின் கோபுரமும் தெரியும். பேப்பரில் படம் போடுவார்கள், ஜனங்கள் வேன் பிடித்து வந்து பார்ப்பார்கள். தண்ணீர் ஏறிவிட்டால் எல்லாம் உள்ளே போய்விடும். சுவர், பாறை, தரை காய்ந்திருந்தபோது முளைத்த சீமைக் கருவேல மரம் எல்லாமே வலைக்கு எமன். அப்பாவுக்கு இவற்றில் பாதி இடம் மனப்பாடம். மீதிப் பாதி, வலை மாட்டிய பிறகுதான் தெரியும்.

"மீன் காட்டும் மெஷின்" என்று ஒன்று இருப்பதை இரண்டாம் வருடம் படிக்கும்போது கேள்விப்பட்டேன். இங்கிலீஷில் ஃபிஷ் ஃபைண்டர். கேட்டவுடன் மீனைத்தான் நினைத்தேன். சுவரை நினைக்கவில்லை. தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

எப்படி வேலை செய்கிறது?

நாம் கிணற்றில் கத்தினால் எதிரொலி வருகிறது அல்லவா, தத்துவம் அதேதான். ஒரு பீசோ எலக்ட்ரிக் செராமிக் வில்லைக்கு மின் துடிப்பு கொடுத்தால் அது அதிர்ந்து, நம் காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலி அதே வில்லையில் மோதும்போது சின்னதாக ஒரு வோல்டேஜ் பிறக்கிறது. பேசும் வாயும் கேட்கும் காதும் ஒரே வில்லைதான். அதை டிரான்ஸ்டியூசர் என்கிறோம். பியர் க்யூரியும் அவர் அண்ணன் ழாக் க்யூரியும் 1880ல் இந்த பீசோ விளைவைக் கண்டார்கள். முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பலைத் தேட பிரான்சில் பால் லாஞ்சவின் குவார்ட்ஸ் வைத்து இதைச் செய்து காட்டினார். மீனுக்கு வந்தது அதற்கும் பிறகு. ஜப்பானில் மீன்பிடிப் படகுகளுக்கு மின்சார வேலை பார்த்துவந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர்கள் என்பதைக் கவனிக்கவும். நம் ஆட்கள்!

தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். காற்றில் சுமார் 343 மீட்டர்தான். நாலு மடங்குக்கும் மேல் வேகம். 38 அடி ஆழம், அதாவது 11.6 மீட்டர் என்றால் ஒலி போய்த் திரும்ப 23.2 மீட்டர். 1500ஆல் வகுத்தால் சுமார் 15.5 மில்லி செகண்ட். கருவி செய்வது இவ்வளவுதான்: அனுப்பு, நேரத்தை எண்ணு, பாதியாக்கு, வேகத்தால் பெருக்கு.

மீன் எப்படித் தெரிகிறது என்று கேட்கலாம். மீனின் சதைக்கும் தண்ணீருக்கும் ஒலியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் காட்டிக்கொடுக்கிறது. நாம் சர்க்யூட்டில் இம்பீடன்ஸ் மேட்சிங் படித்தோமே, அதே சமாச்சாரம். நீரின் ஒலி இம்பீடன்ஸ் சுமார் 15 லட்சம் ரேல், காற்றின் இம்பீடன்ஸ் சுமார் 400 ரேல். இவ்வளவு மிஸ்மேட்ச் இருந்தால் வந்த ஒலி கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பிவிடும். டிரான்ஸ்மிஷன் லைன் பாடத்தில் ரிஃப்ளெக்ஷன் கோ-எஃபிஷியன்ட் கணக்கு போடும்போது "இது எதுக்குடா" என்று பின் பெஞ்சிலிருந்து கேட்டவன் நான்தான். இதுக்குத்தான்.

லேபில் நான் செய்து பார்த்தது

கருவியின் விலையைப் பார்த்ததும் நாமே செய்துவிடலாம் என்று தோன்றியது. காரின் பின்பக்கம் வைக்கிற பார்க்கிங் சென்சார் மாதிரி, தண்ணீர் புகாத அல்ட்ராசானிக் மாட்யூல் கடையில் கிடைக்கிறது. 40 கிலோஹெர்ட்ஸ். அதன் புரோகிராமில் மைக்ரோ செகண்டை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் வரும். அது காற்றுக்கான எண். தண்ணீருக்கு 13.3 போட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, மாற்றி, ஒரு டிரம் தண்ணீரில் முக்கினேன். என்ன செய்தாலும் ஒரே எண் வந்தது. டிரம்மைச் சாய்த்தாலும் அதே எண். ஊருக்குக் கொண்டுபோய்க் கிணற்றில் விட்டேன், அங்கேயும் அதே எண்.

சார்தான் காரணத்தை விளக்கினார். அந்தச் சென்சாரின் முகத்தகடு காற்றில் அதிர்வதற்காகச் செய்யப்பட்டது. தண்ணீரில் வைத்தால் தண்ணீரின் பாரம் ஏறி அதன் ரெசொனன்ஸ் இடம் மாறிவிடும். இன்னொன்று, துடிப்பு கொடுத்த பிறகும் தகடு கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும், மணி அடித்த பிறகு ரீங்காரம் இருப்பது போல. அந்த நேரத்தில் எதிரொலி வந்தாலும் கேட்காது. காற்றில் 20 சென்டிமீட்டர் குருட்டுப் பகுதி இருந்தால் தண்ணீரில் அது 88 சென்டிமீட்டர் ஆகிவிடும். என் டிரம்மின் ஆழமே இரண்டடி! கிணறு ஆழம்தான், ஆனால் முதல் காரணம் அங்கேயும் இருந்தது. கணக்கில் எண்ணை மட்டும் மாற்றி இயற்கையை ஏமாற்ற முடியவில்லை. ஆனாலும் அந்த மூன்று வாரம் வீண் இல்லை. பிறகு கருவியில் வந்த பல குழப்பங்களுக்கு விடை அந்த டிரம்மிலேயே இருந்தது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கடைசியில் வாங்கத்தான் வேண்டியிருந்தது. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார். என் ஸ்காலர்ஷிப்பில் மிச்சம் வைத்ததையும் சேர்த்து, ஒருவர் உபயோகித்த பழைய கருவியை மாமா மூலமாக வாங்கினோம். கார்மின், ஹம்மின்பேர்டு, லாரன்ஸ் என்று பல கம்பெனிகள் செய்கின்றன. விளம்பரத்தில் போடுவதில் முக்கால்வாசி நமக்குத் தேவையில்லை. எது தேவை, எது தேவையில்லை என்பதை எங்கள் பரிசலை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அதிர்வெண். 50 கிலோஹெர்ட்ஸ் கடலுக்கு, ரொம்ப ஆழத்துக்கு. அதன் அலைநீளம் 3 சென்டிமீட்டர். 200 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏழரை மில்லிமீட்டர்தான். அலை சின்னதாக இருந்தால் நுணுக்கம் அதிகம், ஆனால் தூரம் குறைவு. மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டமே 120 அடி. அதற்கு மேல் ஆழம் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு எங்கே வரப்போகிறது? அதனால் ஏரி, அணை, ஆறு எதுவானாலும் 200தான் சரி. "இத்தனை ஆயிரம் அடி வரை காட்டும்", "இத்தனை வாட்" என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அடுத்தது கூம்பின் கோணம். டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி டார்ச் லைட் வெளிச்சம் போல விரிந்து போகிறது. 20 டிகிரி கூம்பு என்றால் அடியில் அது பார்க்கும் வட்டத்தின் விட்டம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 38 அடி ஆழத்தில் சுமார் 13 அடி. 60 டிகிரி கூம்பு என்றால் 44 அடி. பெரிய வட்டம் நல்லதுதானே என்று நினைப்போம். ஆனால் அந்த 44 அடிக்குள் இருக்கும் சுவர் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கருவிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் காட்டும். வலையைக் காப்பாற்ற நினைப்பவனுக்குக் குறுகிய கூம்புதான் வேண்டும். இரண்டும் உள்ள கருவி கிடைத்தால் நல்லது.

சிர்ப் என்று ஒரு சொல் எல்லா அட்டையிலும் இருக்கும். சாதாரணக் கருவி ஒரே அதிர்வெண்ணில் "டிக்" என்று அடிக்கும். அந்த டிக் 0.1 மில்லி செகண்ட் நீளம் என்றால் ஏழரை சென்டிமீட்டருக்குள் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு மீன்கள் ஒன்றாகத்தான் தெரியும். சிர்ப் கருவி ஒரு அதிர்வெண்ணிலிருந்து இன்னொன்றுக்கு, பறவை கீச்சிடுவது போல ஏறும். 40 கிலோஹெர்ட்ஸ் அகலம் ஏறினால் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக்கூடப் பிரித்துவிடும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீனைத் தரையிலிருந்து பிரித்துக் காட்ட இது உண்மையிலேயே உதவுகிறது. காசு இருந்தால் இதற்குக் கொடுக்கலாம்.

பக்கவாட்டில் படம் பிடிப்பது போலக் காட்டும் சைடு ஸ்கேன் பார்க்க சினிமா மாதிரி இருக்கும். ஆனால் அதற்குப் படகு நேர்கோட்டில் ஒரே சீராகப் போகவேண்டும். பரிசலைப் பற்றித் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தூண்டிலில் கட்டி எறிகிற பந்து மாதிரி ஒரு வகையும் வருகிறது. அது தண்ணீரில் மிதந்துகொண்டே கைப்பேசிக்குப் படத்தை அனுப்பும். கரையிலிருந்து தூண்டில் போடுபவருக்கு அது சௌகரியம். எங்களுக்கு ஒத்துவராது. இருட்டில், ஈரக்கையோடு, ஒரு கையில் துடுப்பை வைத்துக்கொண்டு யார் போனைத் தடவுவது?

பேட்டரி விஷயத்தில் நாம் ஏமாறவே கூடாது, படித்தவர்கள். சின்னத் திரை உள்ள கருவி சுமார் 0.3 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்தால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கணக்குப்படி 23 மணி நேரம். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்பதால் 11 மணி நேரம். ஒரு ராத்திரிக்குத் தாராளம். யு.பி.எஸ்.சில் வருகிற பேட்டரியே போதும். டிபன் கேரியர் டப்பாவில் வைத்து மூடியில் ஓட்டை போட்டு, வயரை விட்டு, மெழுகால் அடைத்தேன். பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் போட மறக்காதீர்கள். பரிசலின் அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும்.

இடத்தைக் குறித்துவைக்கும் ஜி.பி.எஸ். கருவியிலேயே இருந்தால் அதைத்தான் வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பரிசலில் பொருத்துவது

கருவியோடு வந்த புத்தகத்தில் படகின் பின்பலகையில் பொருத்தும் படம் போட்டிருக்கிறது. பரிசலுக்கு முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது? அது வட்டம். துடுப்புப் போட்டால் முன்னே போகும்போதே லேசாகச் சுழலும்.

இப்போது எங்கள் பக்கம் நிறையப் பேர் ஃபைபர் பரிசலுக்கு மாறிவிட்டார்கள். ஃபைபர் ஒரே கெட்டியாக, நடுவில் நுரையோ காற்றோ இல்லாமல் இருந்தால், டிரான்ஸ்டியூசரை உள்பக்கமே அடித்தட்டில் எபாக்சி போட்டு ஒட்டிவிடலாம். ஒலி ஃபைபரைக் கடந்து போகும். ஒட்டுவதற்கு முன் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: அடித்தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் டிரான்ஸ்டியூசரை அழுத்திப் பிடியுங்கள். ஆழம் ஒழுங்காக வந்தால் ஒட்டலாம். எங்களுடையது மூங்கில் பின்னி, பிளாஸ்டிக் சாக்கு சுற்றி, தார் பூசிய பழைய பரிசல். மூங்கில் பின்னலுக்குள் எல்லாம் காற்று. காற்று இருந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். ஒலி வெளியே போகவே போகாது.

ஆகவே நாலடி மூங்கில் கழி ஒன்றை எடுத்து, அதன் நுனியில் டிரான்ஸ்டியூசரைக் கட்டி, பரிசலின் விளிம்பில் ரப்பர் டியூப் வாரால் இறுக்கினேன். முகம் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில், நேராகக் கீழே பார்க்கவேண்டும். துடுப்புப் போடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வைப்பது முக்கியம். துடுப்படியில் கிளம்பும் குமிழி திரை முழுக்க மழை பெய்வது போலக் காட்டும். வலை இறக்கும்போது கழியைத் தூக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மீன் அதுதான். புதிதாகத் தண்ணீரில் விட்டதும் முகத்தை விரலால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் பொடிக் குமிழிகள் போய்விடும்.

வலை கிழிந்த ராத்திரி

முதல் நாள். அப்பா பரிசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு நான் செய்வதையெல்லாம் பேசாமல் பார்த்தார். கருவியைப் போட்டதும் 38 அடி என்று காட்டியது. அப்பா கயிற்றில் கட்டிய கல்லை இறக்கினார். அவர் கயிற்றில் ஒவ்வொரு மாருக்கும் ஒரு முடிச்சு. ஒரு மார் என்றால் இரண்டு கையையும் விரித்த அகலம். "ஏழு மாரு" என்றார். மறுநாள் அவர் கை விரிப்பை டேப்பில் அளந்தேன். ஐந்தரை அடி. ஏழு மார் முப்பத்தெட்டரை அடி! கருவி சரிதான் என்று எனக்குச் சந்தோஷம். தன் கயிறு சரிதான் என்று அவருக்குச் சந்தோஷம்.

கொஞ்ச தூரம் போனதும் திரை முழுக்க மீன் படம். கருவியில் ஃபிஷ் ஐ.டி. என்று ஒரு வசதி இருக்கிறது. எதிரொலியைக் கருவியே மீன் என்று முடிவு கட்டி, குட்டி மீன் பொம்மையாகப் போட்டுக் காட்டும். பெரிதும் சிறிதுமாக ஏழெட்டு. "ப்பா, இங்கதான், இங்கேயே இறக்குங்க" என்று கத்தினேன். அப்பா தண்ணீரைப் பார்த்தார், கரையிலிருந்த மரத்தைப் பார்த்தார். "இங்கயா சாமி?" என்று ஒருமுறைதான் கேட்டார். நான் திரையைக் காட்டினேன். படித்த பையன் சொல்கிறான் என்று இறக்கினார்.

விடியற்காலை போய்த் தூக்கியபோது வலை வரவில்லை. அடியில் முழு சீமைக் கருவேலங்காடு. இருந்த நான்கு வலையில் ஒன்று அங்கேயே போனது, இன்னொன்று பாதியாக வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாலு நாள் திண்ணையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசலைப் பின்னினார். அந்த வாரம் குழுக் கடனுக்குக் கட்டவேண்டிய பணத்தை அம்மா பக்கத்து வீட்டில் வாங்கிக் கட்டினார். எனக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடலாம் போல இருந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. கிளைகளிலிருந்து எதிரொலி வந்தது உண்மை. அதை மீன் என்று மொழிபெயர்த்ததுதான் தப்பு. அதை அப்படியே நம்பியது நான். கருவியை வாங்குகிற எவரும் முதலில் செய்யவேண்டிய வேலை, இந்த ஃபிஷ் ஐ.டி.யை ஆஃப் செய்வது.

திரையைப் படிக்கும் விதம்

ஆஃப் செய்துவிட்டால் பச்சையான எதிரொலி மட்டும் தெரியும். இதைப் படிக்கப் பழக எனக்குச் செமஸ்டர் லீவு முழுக்கத் தேவைப்பட்டது.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். திரையில் தெரிவது தண்ணீருக்கு அடியில் எடுத்த ஃபோட்டோ அல்ல. வலது ஓரத்துக் கோடு மட்டும்தான் இந்த நொடி. அதற்கு இடதுபக்கம் இருப்பதெல்லாம் பழசு, ஈ.சி.ஜி. காகிதம் நகர்வது போல நகர்ந்துகொண்டே போகும். பரிசல் நின்ற இடத்திலேயே நின்றால் ஒரே குச்சி நீண்ட கோடாகத் தெரியும். அதை மேடு என்று நினைத்துவிடக் கூடாது.

மீன் வில் போல வளைந்து தெரியும். கூம்பின் ஓரத்தில் நுழையும்போது மீன் டிரான்ஸ்டியூசரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது, நடுவுக்கு வரும்போது பக்கம், வெளியே போகும்போது மறுபடி தள்ளி. அந்தத் தூர வித்தியாசம்தான் வில்லாக வரைகிறது. ஓரத்தை மட்டும் தொட்டுப் போன மீன் அரை வில்லாக வரும். வில்லின் நீளத்தை வைத்து மீனின் அளவைச் சொல்லவே முடியாது, மெதுவாகப் போன சின்ன மீனும் நீளமாக வரையும். கனத்தையும் நிறத்தையும்தான் பார்க்கவேண்டும். மரம் என்றால் தரையிலிருந்து கிளம்பி, தரையோடு ஒட்டிக்கொண்டே மேலே வரும். மீன் தரையை விட்டு விலகித் தனியாக நிற்கும். அன்று ராத்திரி பொம்மையை எடுத்துவிட்டுப் பார்த்திருந்தால் இந்த ஒரு வித்தியாசம் என் கண்ணில் பட்டிருக்கும்.

தரையும் பேசும். சேறு என்றால் ஒலியை விழுங்கிவிடும், கோடு மெலிசாக மங்கலாக வரும். பாறை, கட்டடம் என்றால் கனமாகப் பளிச்சென்று வரும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், ஆழ அளவை இருக்கும் ஆழத்தைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வையுங்கள். 38 அடி என்றால் 80 அடி. கெட்டித் தரையில் மோதிய ஒலி மேலே வந்து, தண்ணீர்ப்பரப்பில் மோதி, மறுபடி கீழே போய் வரும். 76 அடியில் இரண்டாவது தரை ஒன்று தெரியும். சேற்றில் அது பெரும்பாலும் வராது.

சரிவான இடத்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. மேட்டுப்பக்கத்துத் தரையின் எதிரொலி முதலில் வந்துவிடுவதால், பள்ளத்துப் பக்கம் தரையோடு கிடக்கும் மீன் அதற்குள் மறைந்துபோகும். அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் அல்ல.

சென்சிடிவிட்டியை ஆட்டோவில் விட்டுவிடுவது ஆரம்பத்துக்குச் சரி. பிறகு கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, திரையில் தூசி தெரிய ஆரம்பித்ததும் ஒருபடி இறக்கி வைப்பது நல்லது. ஆழம் இரண்டு மடங்கானால் மீனின் எதிரொலி 12 டெசிபல் குறையும், அதாவது பதினாறில் ஒரு பங்கு ஆகிவிடும். கருவி தூரத்துக்கு ஏற்ப கெயினைத் தானே ஏற்றிக்கொள்ளும் என்றாலும், மேற்பரப்பில் இரண்டு மூன்று அடிக்கு எப்போதும் இரைச்சல்தான். மேலாக நீந்தும் மீனை இந்தக் கருவியால் பார்க்க முடியாது. அதற்கு அப்பாவின் கண்ணே போதும்.

அணை மட்டக் கணக்கு

இனி சொல்வது கருவியோடு வந்த புத்தகத்தில் இல்லை. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு சுவரின் மேல்தலை 21 அடியில் தெரிகிறது என்று குறித்து வைத்தால் அடுத்த மாதம் அது பயன்படாது. அணையின் மட்டம் ஏறும், இறங்கும். வழக்கமாக ஜூன் 12ல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28ல் மூடுவார்கள். காவிரியில் வெள்ளம் வந்தால் சில நாட்களில் பல அடி ஏறிவிடும். ஆனால் அணையின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது, அதுவும் அடியில். ஆகவே கருவியை அடியில் வைத்துக்கொண்டு, அன்றைய அணை மட்டத்திலிருந்து கருவி காட்டும் ஆழத்தைக் கழித்தால் அந்தப் பொருளின் மாறாத மட்டம் கிடைத்துவிடும். அணை மட்டம் 104 அடி இருந்த நாளில் சுவரின் தலை 21 அடியில் தெரிந்தது. 104ல் 21 போனால் 83. அந்தச் சுவரின் நிரந்தர முகவரி 83. அணை 120 அடி நிரம்பினால் அது 37 அடி ஆழத்தில் இருக்கும், மேலாகக் கட்டும் 12 அடி வலைக்குப் பயமில்லை. 90 அடிக்கு இறங்கினால் ஏழே அடியில் இருக்கும், அந்தப் பக்கம் வலையோடு போகவே கூடாது. கழி ஒரு சாண் உள்ளே இருப்பதால் அந்த முக்கால் அடியையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும், அல்லது கருவியிலேயே அதைச் சொல்லிவைக்கலாம். வெள்ளம் பாய்ந்து வரும் நாட்களில் ஆற்றுப்பக்கம் தண்ணீர் மட்டமாக இராது, அப்போது இந்தக் கணக்கு உதவாது. அந்த நாட்களில் பரிசலே இறக்கக்கூடாது என்பது வேறு விஷயம்.

இடத்தை ஜி.பி.எஸ். வைத்துக்கொள்ளும், மட்டத்தை நாம் பெயராகக் கொடுக்க வேண்டும். "சுவர் 83", "மரம் 71", "பாறை 88" என்று. நான் கருவியில் போட்டதோடு, ஒரு நாற்பது பக்க நோட்டிலும் எழுதினேன். அப்பா இங்கிலீஷ் படிக்கமாட்டார். நோட்டைப் பார்த்த பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். "அது முனியப்பன் கோயில் சுவரு, எங்கப்பா சொல்லும்." "அந்தப் பாறையில உன் தாத்தன் வலை ரெண்டு போச்சு." அவர் சொன்ன இடங்களுக்குப் போய்க் கருவியை விட்டால், சொன்ன இடத்திலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் அது இருந்தது. கரையில் இருக்கும் மரத்தையும் மலை முகட்டையும் ஒரே கோட்டில் பிடித்து அவர் இடம் வைத்திருந்திருக்கிறார். அன்று ராத்திரி கரை மரத்தை ஏன் பார்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது. கருவேலங்காட்டின் ஓரம் அவருக்குத் தெரியும். எனக்காக இறக்கியிருக்கிறார்.

நோட்டில் இப்போது 46 இடங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு மீன் இரண்டு மடங்காக விழுகிறதா என்று கேட்டால், இல்லை. மீன் எப்போதும் போலத்தான். ஆனால் ஏழு மாதத்தில் ஒரு வலைகூட அடியில் தங்கவில்லை. வருடத்துக்கு மூன்று நான்கு வலை போகிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பக்கத்துப் பரிசல்காரர்கள் நோட்டைக் கேட்கிறார்கள். சுவர், மரம், பாறை எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், மீன் கிடக்கும் பள்ளங்களின் பக்கத்தை மட்டும் கொடுக்காதே என்கிறார் அம்மா. அப்பா எல்லாவற்றையும் கொடு என்கிறார். எனக்கும் ஒரு பயம் இருக்கிறது: எல்லாரிடமும் கருவி வந்து, எல்லாரும் அதே பள்ளத்தில் பொடிக்கண் வலை போட்டால் மீன் எத்தனை நாளைக்கு இருக்கும்? தடைகள் உள்ள பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மற்றதை வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குழுக் கடனில் இன்னும் ஐந்து தவணை பாக்கி. கருவியில் பட்டன் ஒன்று ஒட்டிக்கொள்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் கல்லூரியில் வைகை, பவானிசாகர், சாத்தனூர் அணைப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் அணையின் மட்டமும் பேப்பரில் வருகிறது. யாருக்காவது நோட்டு போடும் முறையைப் பார்க்க வேண்டுமானால் மதிய இடைவேளையில் கம்யூனிகேஷன் லேபுக்கு வாருங்கள், ஜன்னலோர மேசையில் இருப்பேன். அந்த 40 கிலோஹெர்ட்ஸ் மாட்யூலும் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை மேலே காற்றிலிருந்து அளக்கும் புராஜெக்ட் யாராவது செய்வதானால் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அது அருமையாக வேலை செய்யும்.